பன்மையும் வளமையும்

அயன்மொழி யொன்றைக் கற்கப் புகுவார் முதன்முதலில் எதிர்ப்படும் இலக்கண விதிகளுள் ஒன்று, ஒரு பொருளைக் குறிக்குஞ் சொல்லைப் பல பொருளைக் குறிக்குமாறு ஆக்குவது எங்ஙனம் என்பதாகும். நம் நாட்டுச் சிறுவர் ஆங்கிலம் பயிலத் தொடங்கிய சின்னாட்களுக்குள்ளேயே, பெயரின் இறுதியில் 'எஸ்' என்னும் எழுத்தைச் சேர்ப்பின் ஒருமை பன்மையாம் என்பதை மனப்பாடஞ் செய்து விடுகின்றனர். எளிதிற் கற்ற அவ்விதி நாளடைவில் அவர்தம் உள்ளத்தில் ஓர் அளவுகோலாக நிலைத்து விடுகின்றது. பின்னர்த் தமிழையும் அக்கோல் கொண்டே அளக்கின்றனர். அளந்து பார்த்துத் தமிழ் குறைவுடைத்து எனத் துணிவாரும் உளர்.

'பத்து மரம் நட்டான்' என்று எழுதிய மாணவனது விடைத்தாளிற் செம்மையாற் கோடிட்டு, 'பத்து மரங்கள்' எனத் திருத்தும் வழக்கத்தை நாம் கண்டிருக்கின்றோம். ஆங்கில நூலொன்றைத் தமிழில் பெயர்ப்பார், மூலத்திலுள்ள ஒவ்வொரு பன்மைக்கும் ஒவ்வொரு 'கள்' வைத்தாலன்றித் தங்கடன் தீர்ந்ததாகக் கொள்ளாமையையும் கண்டிருக்கின்றோம். எண்ணைச் சொல்லிய பின்னும் பெயரிற் பன்மை காட்டாத மொழி செப்பமற்ற மொழியென்று வகுப்பறையிற் கூறக் கேட்டதும் உண்டு. இக்கருத்துப் பொருந்துமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 'கள்' என்று நாம் ஈண்டுக் கூறுவது விகுதியையே. மதுவிலக்கு நண்பர்கள் அஞ்ச வேண்டுவதின்று.

முதற்கண், உலகமொழிகள் பன்மையை எவ்வெவ்வாறு அமைக்கின்றன என்பதைச் சிறிது நோக்குவோம். அதற்கு நெடுந்தூரம் பயணஞ் சென்ற ஒரு சொல்லையே துணையாகக் கொள்ளலாம். நூல் எனப் பொருள்படும் 'கிதாப்' என்பது அரபு மொழிச் சொல். அரபு மொழியில் அதன் பன்மை 'குதுப்' என்பது. விகுதி யாதும் சேர்ந்திலது. மெய்யெழுத்துக்கள் நிற்க, அவற்றிடையே ஊர்ந்த உயிர்கள் மாத்திரம் மாறின. இச்சொல் பாரசீகத்திற் புகுந்தது. ஆண்டு 'ஹா' என்னும் விகுதி பெற்றுப் பன்மையாயிற்று. துருக்கி மொழியிற் புகுந்து 'கிதாப்லார்' என்றாயிற்று. மலாய் மொழியினர் அதனை இருமுறை அடுக்கிக் 'கிதாப்-கிதாப்' என்கின்றனர். ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையில் வழங்கும் சுவாகிலி மொழியிலோ பன்மை சொல்லின் முன்னே நிற்பது. அம்மொழியில் 'கி' எனத் தொடங்கும் ஒருவகைப் பெயர்கள் பன்மையில் 'வி' எனத் தொடங்கும். ஆதலின் அம்மக்கள் அரபுச் சொல்லின் முதலெழுத்தையே ஒருமை முன்னொட்டாகக் கொண்டு, 'கிதாபு' ஒன்று, 'விதாபு' பல என வழங்குவாராயினர். சொல் ஒன்றே, பொருளும் ஒன்றே, பன்மை மாத்திரம் புகுந்த இடந்தோறும் வேறு வேறாயிற்று.

இவ்வகைகளோடு இது முடிந்ததன்று. ஆங்கில நாட்டை யடுத்துள்ள வேல்ஸ் நாட்டு மொழியில் சில பெயர்கள் நம் எண்ணத்திற்கு நேர்மாறாக அமைந்துள்ளன. 'அடர்' என்பது அம்மொழியிற் பறவைகள் எனப் பொருள்படும். ஒரு பறவையைக் குறிக்க வேண்டின் 'அடெரின்' என விகுதி சேர்த்துக் கூறல் வேண்டும். பலவே இயல்பு, ஒன்றே அடையாளம் வேண்டுவது என்பது அப்பெயர்களின் முறை. வானில் ஒலித்துச் செல்லும் கூட்டத்தை முன் கண்டு, அதனின்றும் தனிப்புள் ஒன்றைப் பின்னர்ப் பிரித்தறியும் கண்ணுக்கு இதுவும் பொருந்துவதே யன்றோ? சீன மொழியில் 'மென்' என்னும் பன்மை விகுதி உண்டு. ஆயின் அது பெரும்பாலும் மக்களைக் குறிக்கும் சொற்களோடு சேருமேயன்றி, மேசையோடும் மரத்தோடும் சேராது. மக்கட் பெயரின் முன்னும் எண் நின்றவிடத்து அவ்விகுதி வாராது.

இனி, அளவுகோலாகக் கொள்ளப்பெற்ற ஆங்கிலத்தையே எடுத்துக்கொள்வோம். 'எஸ்' என்பது அம்மொழியின் தொன்றுதொட்ட பொதுவிதி யன்று. பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் பல வகுப்பினவாய், வகுப்புக்கொரு பன்மை பெற்றிருந்தன. இக்காலத்து 'எஸ்' விகுதி அவ்வகுப்புக்களுள் ஒன்றனுக்கே உரித்தாயிருந்து, பின்னர் ஏனையவற்றையும் தன்வயப்படுத்திக் கொண்டது. தோற்ற விதிகளின் எச்சங்கள் இன்றும் ஆங்காங்கு நிற்கின்றன. 'ஆக்ஸ்' என்பது 'ஆக்ஸன்' ஆவதும், 'ஃபுட்' என்பது உயிர் திரிந்து 'ஃபீட்' ஆவதும், 'ஷீப்', 'டியர்' என்பன இரண்டெண்ணுக்கும் ஒரு வடிவாய் நிற்பதும் அவ்வெச்சங்களே. 'சில்ட்ரன்' என்னும் சொல்லை நோக்குமின். முன்னர்ச் 'சில்டர்' என்றதே பன்மையாயிருந்தது. அப்பன்மை மக்களுக்கு விளங்காதொழிந்த காலத்து 'என்' என்னும் மற்றொரு விகுதியும் சேர்ந்தது. ஆகவே, ஆங்கில நாட்டுக் குழந்தைகள் இருமுறை பன்மையானவர்கள். நாம் சிறுவயதில் 'விதிவிலக்கு' எனச் சலிப்போடு மனனஞ் செய்தவை யாவும் ஒரு காலத்தில் விதிகளாக வாழ்ந்தவையே.

எண்ணுப் பெயருக்குப் பின் வரும் பெயர் பன்மை ஏற்றே தீரவேண்டும் என்பதும் உலகப் பொதுவிதி யன்று. துருக்கியரும் பாரசீகரும் ஹங்கேரி நாட்டினரும் 'ஐந்து நூல்' என்றே கூறுவர். 'ஐந்து நூல்கள்' என்னார். வேல்ஸ் மொழியினரும் அங்ஙனமே. மலாயர் எண் வந்தவிடத்து அடுக்குவதில்லை. அரபு மொழியின் விதி இன்னும் வியப்புடையது. மூன்று முதற் பத்து வரையுள்ள எண்களுக்குப் பின் பெயர் பன்மையில் நிற்கும். பதினொன்று முதற் தொண்ணூற்றொன்பது வரை பெயர் ஒருமையிலே நிற்கும். ஆங்கிலத்திலும், பத்து ரூபாய்த் தாளைக் குறிக்குங்கால் 'டென் ருபீ நோட்' என்பரேயன்றி 'ருபீஸ்' என்னார். மூன்றாண்டுப் படிப்பை 'த்ரீ இயர் கோர்ஸ்' என்பர். எண்ணே பன்மையைத் தெற்றெனக் காட்டிவிட்டமையின் பெயர் அதனைத் திரும்பக் கூற வேண்டுவதில்லை என்று இம்மொழிகள் ஆங்காங்குத் துணிந்தன. அங்ஙனம் துணிந்தது குறையெனின், குறையுடைய மொழிகளின் பட்டியல் மிக நீளும்.

விகுதி மிகுந்த மொழியே வளமிக்கது என்பாருக்கு ஒரு வினா. வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று. அரபு மொழியிலும் இருமை உண்டு. எபிரேய மொழியிற் கை, கண் முதலிய இரட்டைப் பொருள்களுக்கு இருமை வடிவம் உண்டு. பிஜித் தீவினரது மொழியின் மூவிடப் பெயர்கள் ஒருவர், இருவர், சிலர், பலர் என நான்கு வகைப்படும். ஆங்கிலத்திற்கோ இருமையும் இல்லை, சிலர்க்குரிய எண்ணும் இல்லை. அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், பிஜித் தீவினர் ஆங்கிலத்தை வறிய மொழியென்று இகழ இடமுண்டு. வடமொழிக்கு வழிமுறையான இந்தி, வங்காளி முதலியன இருமையை இழந்தன. அதனால் அம்மொழியாளர் இரண்டு கண்ணையும் ஒன்றாகக் கண்டாரல்லர். ஒரு மொழி கட்டாயமாகச் சொல்ல வைப்பது வேறு, அம்மொழியாற் சொல்ல இயல்வது வேறு. 'இரண்டு' என்னுஞ் சொல் உள்ள மொழி எதுவும் இருமைக்கு ஏங்கி நிற்பதன்று.

கட்டாயமாகப் பன்மை காட்டும் மொழியால் விளையும் இடர்ப்பாட்டுக்கும் ஒரு சான்று காட்டுவோம். 1897-ஆம் ஆண்டு இந்தியாவில் இயற்றப்பெற்ற பொது வாசகச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சட்டங்களில் ஒருமையாக வந்த சொற்கள் பன்மையையும், பன்மையாக வந்தவை ஒருமையையும் அடக்கும் என்று விதிக்கின்றது. ஆங்கில மொழியிற் சட்டம் வரைந்தோர், ஒவ்வொரு பெயரிலும் ஒன்றோ பலவோ என்பதைக் குறித்தே தீரவேண்டிய நிலையினராயிருந்தமையின், குறித்த பின்னர், 'அக்குறிப்பைப் பொருட்படுத்தற்க' எனத் தனியே ஒரு விதி எழுத வேண்டியவராயினர். ஒன்று பல என்னும் வேறுபாட்டைக் காட்டாது பொதுமையிற் கூறும் ஆற்றலும் ஒரு மொழிக்கு வேண்டுவதே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறென்ன வேண்டும்?

அவ்வாற்றல் தமிழுக்கு இயல்பாகவே உண்டு. தொல்காப்பியனார் சொற்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்து, அவற்றை ஐம்பாலாக விரித்தார். அஃறிணைப் பெயர் 'கள்' ஏற்குமிடத்துப் பன்மையாம் என்றுங் கூறினார். அவ்விகுதி பெறாத பெயரின் ஒருமை பன்மைகள் அதனோடு வரும் வினையால் விளங்கும் என்றுங் கூறினார். 'மாடு மேய்ந்தது' என்றவழி மாடு ஒன்று. 'மாடு மேய்ந்தன' என்றவழி மாடு பல. நன்னூலாரும் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என வழங்கினார். ஒருமைப் பெயர் பன்மைக்குத் தவறாக வந்ததென்று அவர் கருதவில்லை. ஒன்றற்கும் பலவற்றுக்கும் பொதுவாய பெயர் என்றே கொண்டார். இவ்வேறுபாடு மிக நுண்ணியது. 'மரம்' என்பது ஒரு மரத்தின் பெயரன்று. மரம் என்னும் பொருளின் பெயர். அது ஒன்றா, பத்தா, காடா என்பதை எண்ணும் வினையும் இடமும் காட்டும். மேலே காட்டிய ஆங்கில 'ஷீப்' என்னும் சொல் செய்வதும் இதுவே. அம்மொழியிற் சில சொற்களுக்கே எஞ்சி நிற்கும் இயல்பு தமிழில் அஃறிணை முழுமைக்கும் உரியது.

இதனை அயல்நாட்டு அறிஞரும் அறியாதாரல்லர். திருநெல்வேலி நாட்டு இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல் ஐயர், 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், தமிழ் முதலிய மொழிகளில் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி ஏற்பது அருகியே என்பதையும், விகுதியில்லா வடிவே இரண்டெண்ணுக்கும் வழங்குவதையும் எடுத்துக் காட்டியுள்ளார்.

நூற்சான்றினும் வலிய சான்று நம் நாவிலேயே உள்ளது. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, ஐந்திலக்கணம் என நம் நூற்றொகுதிகளின் பெயர்களை எண்ணிப் பார்மின். முக்கனி, நானிலம், ஐம்பொறி, எண்டிசை, நவமணி எனவருஞ் சொற்களையும் நோக்குமின். இவற்றுள் ஒன்றிலேனும் 'கள்' உண்டோ? 'பத்து மரம்' பிழையாயின் 'பத்துப்பாட்டு' என்பதும் பிழையாதல் வேண்டும். தொகையாய் நின்று பெயராயினமையின் இவை வேறு எனின், அன்றாட வழக்கைக் காட்டுவோம். 'ஐந்து ரூபாய் கொடுத்தான்', 'பத்து நாள் தங்கினான்', 'நூறு மைல் நடந்தான்', 'நான்கு தேங்காய் பறித்தான்' என்பன தமிழர் அனைவர்க்கும் உவப்பான தொடர்கள். 'ஐந்து ரூபாய்கள் கொடுத்தான்' என்பானைக் கடைக்காரன் சற்றே நிமிர்ந்து நோக்குவான்.

எண் இல்லாதவிடத்தும் இப்பொதுமை பயன் தருகின்றது. 'மீன் பிடித்தான்' என்பது தொழிலைக் கூறும். 'மீன்களைப் பிடித்தான்' என்பது தனித்தனியே கண்ணிற்பட்ட சில மீன்களைச் சுட்டும். 'யானை காட்டில் வாழும்' என்றவழி யானை யினம் முழுதும் அடங்கும். 'கண் சிவந்தது', 'கால் கழுவினான்' என்பவற்றில் எத்தனை கண், எத்தனை கால் என ஐயுறுவார் யார்? ஆகவே, 'கள்' என்பது தமிழில் எண்ணின் கட்டாய முத்திரை யன்று. பொருளை வேறுபடுத்தும் ஒரு கருவி. எங்கும் அதனைப் பதிப்போமாயின், அக்கருவி தன் கூர்மையை இழந்து வெற்றொலியாய்விடும்.

உயர்திணையின் நிலை வேறு. 'மூன்று மாணவன்' என்று எழுதுதல் எக்காலத்தும் பிழையே. 'மாணவர் மூவர்' என்றல் வேண்டும். மக்களைப் பொதுப்பெயருள் அடக்காது பலராகக் காண்டல் இம்மொழியின் இயல்பு. சீன மொழியிலும் பன்மை விகுதி மக்கட்கே உரித்தாதலை முன்னர்க் கண்டோம். மொழியியலார் பல நாட்டு மொழிகளை ஒப்பிட்டு, பன்மை காட்டுதல் சில பெயர்க்கு மாத்திரம் கட்டாயமாமிடத்து அக்கட்டாயம் பெரும்பாலும் மக்கட் பெயரினின்றே தொடங்கும் என்று கண்டுள்ளனர். நம் முன்னோர் உயர்திணை அஃறிணை என வகுத்த எல்லைக்கோடு உலகமொழிகள் பலவற்றின் ஊடேயும் ஓடுகின்றது. இது நாம் பெருமை பாராட்டுதற்கு அன்று. ஆய்ந்து மகிழ்தற்கு உரியது.

உயர்திணைப் பன்மையும் நின்றவாறே நின்றதன்று. 'அர்', 'ஆர்', 'மார்' என்பனவே அதற்குரிய பழைய விகுதிகள். 'கள்' அஃறிணைக்கு உரித்தாயிருந்தது. 'அவர்' என்னும் பன்மை மரியாதையின் பொருட்டு ஒருவர்க்கே வழங்கத் தலைப்பட்ட பின்னர், பலரைக் குறிக்க 'அவர்கள்' என வேறொரு சொல் வேண்டியதாயிற்று. திருக்குறளிலேயே 'பூரியர்கள்', 'மற்றையவர்கள்' எனும் வடிவங்கள் காணப்படுகின்றன. இன்றோ 'தலைவர் அவர்கள்' என ஒருவர்க்கே அப்புதிய பன்மையையும் சூட்டிவிட்டோம். ஆங்கிலத்திலும் முன்னிலைப் பன்மையாகிய 'யூ' மரியாதை கருதி ஒருவர்க்கு வழங்கி, ஒருமையாகிய 'தௌ' என்பதை அறவே ஒழித்துவிட்டது. மரியாதை மிகுந்த இடத்து எண் மயங்குவது இரு மொழிக்கும் பொது.

பிறமொழிச் சொற்கள் வந்தவிடத்தும் ஒவ்வொரு மொழியும் தன் விதியையே நாட்டுகின்றது. எபிரேய மொழியிற் 'கேருபீம்' என்பதே பன்மை. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் அதனோடு ஓர் 'எஸ்' சேர்த்தது. தமிழ் வேதாகமம் 'கேருபீன்கள்' என்றது. அரபு மொழியில் 'உலமா' என்பது 'ஆலிம்' என்பதன் பன்மை. தமிழ் முஸ்லிம்கள் 'உலமாக்கள்' என்பர். 'நபிமார்' எனத் தமிழ் விகுதியை அழகுறச் சேர்த்தும் வழங்குவர். இவற்றைப் பிழையெனக் கூறுவார் இலர். வந்த சொல் இருந்த வீட்டின் வழக்கத்தை ஏற்பதே முறை. அங்ஙனமாக, தமிழ்ச்சொல் மாத்திரம் தன் வீட்டில் இருந்தே அயல்வீட்டின் வழக்கத்தை ஏற்கவேண்டும் என்பது எந்நியாயம்?

இதுகாறும் கூறியவற்றால், 'கள்' விகுதியையே ஒழித்துவிட வேண்டும் என்பது நம் கருத்தென எவரும் கொள்ளற்க. 'பத்து மரங்கள்' என்பதும் வழக்கில் நிலைத்த நல்ல தமிழே. விஞ்ஞான நூலிலும் வழக்குரையிலும் எண்ணோ வினையோ துணைநில்லாவிடத்துப் பன்மை விகுதி இன்றியமையாதது. 'நிலத்தை விற்றான்' என்று ஆவணத்தில் எழுதி, ஒரு நிலமா இரு நிலமா என்று பின்னர் வழக்காடுதல் அறிவுடைமை யாகாது. நாம் வேண்டுவது, விகுதி வேண்டுமிடத்து இடுதலும் வேண்டாவிடத்து விடுதலும் எழுதுவாரது உரிமையாதல் வேண்டும் என்பதே. அவ்வுரிமையைப் பிழையென்று கோடிட்டு ஒறுத்தல் தகாது.

கோடிட வேண்டிய இடம் வேறொன்று உண்டு. அது வினை. 'மரங்கள் வீழ்ந்தது', 'செய்திகள் வந்தது', 'நூல்கள் இருக்கின்றது' என்று எழுதுதல் மாணவரிடையே பெருகிவிட்டது. பேச்சு வழக்கில் அஃறிணைப் பன்மை வினை மறைந்தமையே இதற்குக் காரணம். பேச்சினை நாம் குறை கூறவில்லை. அது தன்வழியே செல்லும். ஆயின் எழுத்து வழக்கில், தொல்காப்பியனார் எவ்விடத்தில் எண்ணை வைத்தாரோ அவ்விடத்தைக் கைவிட்டு, அவர் கட்டாயமாக்காத இடத்திற் காவல் வைக்கின்றோம். வாயிலைத் திறந்துவிட்டுச் சாளரத்தைப் பூட்டுவாரை இஃது ஒக்கும். 'பத்து மரம் வீழ்ந்தன' என்று எழுதிய மாணவன் தமிழ் அறிந்தவன். 'பத்து மரங்கள் வீழ்ந்தது' என்று எழுதியவனே திருத்தப்பட வேண்டியவன். இன்று நாம் முன்னவனுக்கு மதிப்பெண் குறைத்துப் பின்னவனைப் போக விடுகின்றோம்.

இஃது ஒரு விகுதியைப் பற்றிய சிறு பூசல்தானே என்று நண்பர் சிலர் எண்ணலாம். அங்ஙனமன்று. தன் தாய் வழங்கிய இயல்பான தொடர் பிழையென்று பள்ளியிற் பன்முறை கேட்ட சிறுவன், நாளடைவில் தன் மொழியே பிழைபட்டதென நம்பத் தலைப்படுவான். பின்னர் அவன் எழுதும் தமிழ், அயன்மொழி வாக்கியத்திற்குத் தமிழ்ச்சொல் உடுத்ததாய் முடியும். அவனுக்கு மொழிகள் பலவற்றின் இயல்பைச் சிறிதேனும் காட்டுவோமாயின், அரபு மொழியின் உயிர் மாற்றமும், மலாய் மொழியின் அடுக்கும், வேல்ஸ் மொழியின் தனிப்புள்ளும், ஆங்கிலத்தின் இரட்டைப் பன்மையும், தமிழின் பால்பகாப் பெயரும் ஒருங்கே நிற்பன என்றும், ஒன்றை மற்றொன்றன் கோலால் அளத்தல் முறையன்று என்றும் தானே உணர்வான்.

ஆதலின், மாணவ நண்பர்காள், ஆங்கிலம் எழுதுங்கால் அதன் 'எஸ்' என்னும் எழுத்தை ஒருகாலும் மறவாதீர். அஃது அம்மொழியின் உரிமை. தமிழ் எழுதுங்கால் எண்ணை வினையிற் காட்டுமின். அது நம் மொழியின் உரிமை. ஆசிரியப் பெருமக்களும் விடைத்தாள் திருத்துங்கால், செம்மை தோய்ந்த எழுதுகோலைப் பெயரின்மேல் நிறுத்தாது, வாக்கியத்தின் இறுதிவரை சென்று வினையை நோக்குவாராக.